மோட்டார் சுவிட்சை யார் போடுறாங்க? கொசஸ்தலை ஆறும் கணினி மாடலும்

(ஒலிப்பதிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர்லேருந்து. திருவள்ளூர் பக்கத்துல திருப்பாச்சூர். பின்னாடி ஒரு இரைச்சல் கேட்டா அது திருத்தணி ரோட்டுல போற லாரி. ஜன்னலைச் சாத்தியும் பார்த்துட்டேன், கேட்கத்தான் செய்யுது. மன்னிச்சுக்குங்க.

போன எபிசோட்ல நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. ஆறு, மண், நிலத்தடி நீர் இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல மாடல் பண்றாங்களே, அது எப்படி, அதை நம்பலாமா? இதுக்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் முதல்ல வேண்டாம். எங்க ஊருக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு ஓடுது, தெற்கே கூவம். கூவமே கொசஸ்தலையில கேசவரம் அணைக்கட்டுலேருந்து பிரிஞ்சு வர்ற ஆறுதான். இந்த ரெண்டு ஆத்துக்கும் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு பேசினா விஷயம் சுலபமா புரியும்.

எங்க ஊர்லேருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனா பூண்டி. நீர்த்தேக்கம் 1944-ல கட்டி முடிஞ்சது. சென்னை மேயரா இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியா நின்னு கொண்டு வந்தது. அணை முடியறதுக்கு முந்தின வருஷமே அவர் இறந்துட்டார், அதனால அவர் பேரையே வெச்சாங்க. 3,231 மில்லியன் கனஅடி கொள்ளளவு. இது எல்லாருக்கும் தெரியும், டிவியில மழைக்காலத்துல தினமும் சொல்றாங்க. அதே பூண்டியில நீரியல் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கிறது பல பேருக்குத் தெரியாது. அணை, மதகு, கலிங்கு எது கட்டணும்னாலும் முதல்ல அதைச் சின்னதா செங்கல், சிமெண்ட், மணல் வெச்சுக் கட்டி, நிஜமாவே தண்ணி விட்டுப் பார்க்கிற இடம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம மாவட்டத்துல மாடலிங் நடந்திருக்கு.

அந்த மாதிரி சின்ன ஆறு கட்டுறதுல ஒரு சிக்கல் இருக்கு. அதைச் சொன்னாதான் கம்ப்யூட்டர் ஏன் வந்ததுன்னு புரியும். ஐம்பதுல ஒரு பங்கா ஆத்தைச் சுருக்குறோம்னு வெச்சுக்குங்க. ஐந்து மீட்டர் ஆழம் பத்து சென்டிமீட்டரா ஆயிடும். ஆனா நேரம் அதே அளவுக்குச் சுருங்காது. ஐம்பதோட வர்க்கமூலம் ஏழு சொச்சம், அந்தக் கணக்குலதான் சுருங்கும். ஆத்துல ஒரு மணி நேரம் வர்ற வெள்ளம் மாடல்ல எட்டரை நிமிஷத்துல போயிடும். சரி, இதைக் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம். மணலை என்ன பண்றது? அரை மில்லிமீட்டர் மணல் ஒண்ணை ஐம்பதுல ஒரு பங்காச் சுருக்கினா அது மணலே இல்லை, வண்டல். தண்ணியில ஒட்டிக்கிட்டு வேற மாதிரி நடந்துக்கும். அதனால மணலுக்குப் பதிலா நிலக்கரித் தூள், மரத்தூள் இதையெல்லாம் போட்டுப் பார்ப்பாங்க, உலகம் பூரா. ஆத்தைச் சுருக்கலாம், மணலைச் சுருக்க முடியாது. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். எந்த மாடல்லயும் சுருங்க மறுக்கிற ஒரு பொருள் இருக்கும். நம்ம கதையில அது என்னன்னு பிறகு சொல்றேன்.

இப்போ கம்ப்யூட்டர் மாடல். இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. வீட்டுல மளிகைக் கணக்கு நோட்டு வெச்சிருப்போமே, அதுதான். நிலத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்கிறோம், ஒவ்வொரு கட்டமும் ஐந்நூறு மீட்டர்னு வெச்சுக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நோட்டு. வரவு: மழையில கொஞ்சம், பக்கத்துக் கட்டத்துலேருந்து ஊறி வர்றது, ஆத்துலேருந்து இறங்குறது, ஏரியிலேருந்து இறங்குறது. செலவு: அடுத்த கட்டத்துக்குப் போறது, கிணத்துல எடுக்கிறது. மிச்சம் இருந்தா தண்ணி மட்டம் ஏறும், பத்தாக்குறையா இருந்தா இறங்கும். பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு வேகத்துல போகும்? அதுக்கு ஒரு விதி இருக்கு. பிரான்ஸ்ல டிஷான்னு ஒரு ஊர். அந்த ஊர் குடிநீர் வேலையைப் பார்த்த ஹென்றி டார்சிங்கிற பொறியாளர் மணல் நிரப்பின குழாய்ல தண்ணி விட்டு அளந்து 1856-ல எழுதினார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் அதிகமா இருந்தா வேகமாப் போகும், மணல் பருமனா இருந்தா வேகமாப் போகும். அவ்வளவுதான். 1984-ல அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில மெக்டொனால்டு, ஹார்பா ரெண்டு பேரும் இந்த நோட்டுக் கணக்கை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி ஒரு நிரலா எழுதினாங்க. மாட்ஃப்ளோன்னு பேரு. இன்னைக்கும் உலகத்துல அதிகமாப் பயன்படுறது அதோட பேரப்பிள்ளைகள்தான்.

இதே மாதிரி நிலத்தோட மேல்பரப்புக்கும் இருக்கு. மழை பெய்ஞ்சா எந்த மேட்டுலேருந்து எவ்வளவு மண் கரையும், ஆறு எங்க படியும், கடற்கரை எங்க அரிக்கும். ஆளாளுக்குத் தனித்தனியா எழுதி வெச்சிருந்த நிரல்களை ஒரே இடத்துல சேர்த்து ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கணும்னு கொலராடோ பல்கலைக்கழகத்துல 2007-ல ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. எல்லாம் இலவசம், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நானும் அங்கேருந்துதான் எடுத்துப் படிச்சேன்.

சரி, நம்ம மண்ணுக்கு வருவோம். கொசஸ்தலை ஆத்தைப் பார்த்தா, இவ்வளவு சின்ன ஆத்துக்கு அடியில எப்படி இவ்வளவு மணல்னு சந்தேகம் வரும். நிலவியல் ஆய்வாளர்கள் சொல்ற காரணம், ஒரு காலத்துல பாலாறு இந்த வழியா ஓடியிருக்கு. அது தெற்கே திரும்பிப் போனப்போ தன்னோட மணலை இங்கேயே விட்டுட்டுப் போயிடுச்சு. நம்ம ஊர்க் கிணறுகள்ல தண்ணி நிக்கிறது அந்தப் பழைய ஆத்து மணல்ல. பூண்டியைத் தாண்டி அத்திரம்பாக்கம் இருக்கே, 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கல் ஆயுதங்கள் கண்டுபிடிச்ச இடம், அங்கே சாந்தி பப்பு குழுவினர் தோண்டினப்போ ஆறு கொண்டுவந்து படியவெச்ச மண் அடுக்குகளுக்குள்ள ஆயுதங்கள் இருந்துச்சு. அதோட வயசு பதினைந்து லட்சம் ஆண்டு அளவுன்னு 2011-ல கட்டுரை வந்தது. இந்த ஆத்தோட மனுஷன் அவ்வளவு காலமாப் பழகியிருக்கான். மோட்டார் போட்டது மட்டும் நேத்து.

நேத்துன்னா 1960-கள். சென்னைக்குத் தண்ணி பத்தலை, மணலியில தொழிற்சாலைகள் வருது. ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோட ஆரணியாறு–கொசஸ்தலை படுகையில பெரிய ஆய்வு நடந்தது. பழைய ஆத்து மணலைத் தேடிப் பிடிச்சாங்க. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் மூணு இடத்துல கிணத்து வயல்கள் வந்தது, பிறகு இன்னும் சில. அங்கேருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணி போச்சு. அதே மணல்ல விவசாயியும் இறைச்சுக்கிட்டு இருந்தார். மீஞ்சூர் கடலுக்குப் பக்கம். 1969-லேயே அங்கே கிணத்துத் தண்ணி உப்பாகுறதைக் கவனிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் உப்பு உள்ளே உள்ளே வந்து, பிந்தைய ஆய்வுகள்ல கரையிலேருந்து பத்து கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு.

ஏன் கடல் உள்ளே வருது? கடல் தண்ணி நல்ல தண்ணியைவிடக் கொஞ்சம் கனம், நாற்பதுல ஒரு பங்கு கூடுதல். அதனால கடலோரத்துல நிலத்தடியில நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும் உப்பைத் தள்ளி வெச்சிருக்கும். கேட்க நல்லா இருக்கு, திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல ஒரு அடி குறைஞ்சா, கீழே நாற்பது அடி உப்பு ஏறும். மீஞ்சூர்ல மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போயிடுச்சு. அப்புறம் கடலைத் தடுக்க அங்கே என்ன இருக்கு? இதுல ஒரு வேடிக்கை, 2010-ல அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை திறந்தாங்க. கிணத்துல இலவசமா வர்ற கடல் தண்ணி வேண்டாம், குழாய்ல காசு கொடுத்து எடுக்கிற கடல் தண்ணி வேணும்.

இந்தப் படுகையைப் பல பேர் மாடல் பண்ணியிருக்காங்க. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையில எல். இளங்கோவும் அவர் மாணவர்களும் வருஷக்கணக்கா இதே இடத்துல வேலை செஞ்சவங்க. மேல ஒரு மணல் அடுக்கு, நடுவுல களிமண், கீழே இன்னொரு மணல் அடுக்கு, எல்லாத்தையும் கட்டம் கட்டமாப் போட்டு, கண்காணிப்புக் கிணறுகள்ல அளந்த மட்டத்தோட ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. ஆரணியாத்துல பாலேஸ்வரம் தடுப்பணையைச் சுத்தி அளந்து, கிணறுகள்ல மட்டமும் தரமும் நல்லானதைக் காட்டியிருக்காங்க. மாடல் சொல்றதும் அளவும் ஓரளவு பொருந்துது. தண்ணியும் மணலும் நம்பகமான ஆட்கள். டார்சி சொன்னபடி கேட்பாங்க.

சிக்கல் அந்த நோட்டுல ஒரே ஒரு வரியில இருக்கு. செலவுப் பக்கம், "கிணத்துல எடுக்கிறது". அந்த எண்ணை மாடல் கண்டுபிடிக்காது. நாமதான் எழுதிக் கொடுக்கணும். எங்கேருந்து எழுதுறது?

நம்ம ஊர்ல விவசாய மின் இணைப்புக்கு, பெரும்பாலானதுக்கு, மீட்டர் கிடையாது. 1990 வாக்குல எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்துடுச்சு. நான் அதைத் தப்புன்னு சொல்ல வரலை, அது இல்லைன்னா இந்தப் பக்கம் பாதிப் பேர் நிலத்தை அப்பவே வித்திருப்பாங்க. ஆனா அளவு இல்லை. எத்தனை கிணறு, எத்தனை எச்.பி. மோட்டார், நாளுக்கு எத்தனை மணி நேரம்னு பெருக்கிப் போடுறாங்க. கிணத்தை எண்ணலாம். எச்.பி.யும் தெரியும். மணி நேரம்?

எங்க சித்தப்பாவுக்கு ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் இருக்கு. ஒரு பழைய கிணறு, பக்கத்துல ஒரு போர், அதுல 5 எச்.பி. சப்மெர்சிபிள். நான் முதல்தடவை பயிற்சிக்காக ஒரு சின்ன மாடல் செஞ்சப்போ அவர்கிட்ட கேட்டேன்.

"சித்தப்பா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டுறீங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதானே ஓட்டுறீங்க?"

"நான் எங்க ஓட்டுறேன்? மும்முனைக் கரண்ட் வந்தா அது ஓடும். போனா நிக்கும்."

ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கார். அவர் மட்டும் இல்லை, அந்தப் பக்கம் எல்லாரும். மும்முனை மின்சாரம் பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா, வரப்புல பாம்பு, இருட்டு, யார் போய் சுவிட்ச் போடுறது? அதனால ஆட்டோவுல விட்டுடுறாங்க. கரண்ட் வந்தவுடனே அந்த ஃபீடர்ல இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல கிளம்பும். பயிருக்குத் தண்ணி வேணுமா வேண்டாமான்னு அங்கே கேள்வியே இல்லை.

நான் மாடல்ல நெல்லுக்கு இவ்வளவு தண்ணி தேவை, அதை இத்தனை மணி நேரத்துல இறைப்பாங்கன்னு நாலு மணி நேரம் போட்டிருந்தேன். நிஜத்துல ஒன்பது மணி நேரம் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. நூறு அடி ஆழத்துலேருந்து எடுக்கிற 5 எச்.பி. மோட்டார் மணிக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் லிட்டர் தள்ளும். ஐந்து மணி நேர வித்தியாசம்னா 12,000 லிட்டர் லாரி ஆறு லாரிக்குக் குறையாது. ஒரு மோட்டாருக்கு, ஒரு நாளைக்கு. அதுல கொஞ்சம் திரும்ப நிலத்துக்குள்ளேயே இறங்கும்கிறது உண்மைதான், முழுசும் இறங்காது. மணல் அடுக்கோட தடிமனை அங்குலம் அங்குலமா அளந்து போட்டுட்டு, இந்த எண்ணை ஊகத்துல போட்டா எப்படி? பூண்டியில சுருங்க மறுத்தது மணல். நம்ம மாடல்ல சுருங்க மறுக்கிறது சித்தப்பா.

இன்னொண்ணு இருக்கு. ஊகம் தப்பா இருந்தாக்கூட, எப்பவும் ஒரே அளவு தப்பா இருந்தா திருத்திக்கலாம். இந்த எண் மாறிக்கிட்டே இருக்கு, தண்ணி மட்டத்தைப் பார்த்தே மாறுது. மட்டம் கீழே போனா, சின்ன விவசாயி இறைக்கிறதைக் குறைச்சுடுவார், அவர் போர் எட்டாது. பெரிய விவசாயி இன்னும் ஆழமாப் போடுவார். இதுக்கு நடுவுல 2000-களோட தொடக்க வறட்சியில ஒரு புது ஆள் வந்தாங்க. பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயக் கிணறுகள்லேருந்து சென்னைக் குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணி வாங்கினாங்க. தனியார் லாரியும் வந்தது. பயிர் வெச்சா வர்ற வருமானத்தைவிடத் தண்ணியாவே வித்தா நிச்சயமான வருமானம், அதுவும் இலவச மின்சாரத்துல. மழை இல்லாத வருஷம் நகரத்துக்குத் தாகம் அதிகம். அப்போ நிலத்துல வரவு குறையுற அதே வருஷம் செலவு கூடுது. மழையை மட்டும் குறைச்சுப் போட்டு, இறைக்கிறதை மாத்தாம ஓட்டுற மாடல் பஞ்ச வருஷத்தைப் பார்க்கவே பார்க்காது.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. சென்னையைச் சுத்தி இருக்கிற ஊர்களுக்கு 1987-லேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தாச்சு. மாநிலம் முழுமைக்கும் 2003-ல ஒண்ணு போட்டாங்க, அதை 2013-ல ரத்து பண்ணிட்டாங்க. அதைப் பேச ஆரம்பிச்சா இந்த எபிசோட் முடியாது.

மனுஷங்களையும் மாடலுக்குள்ள வைக்க முடியுமா? முடியும், வெச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்ச உதாரணம் பாலித் தீவு. அங்கே மலைச்சரிவுல அடுக்கடுக்கா நெல் வயல். வாய்க்கால் சங்கத்துக்கு சுபக்னு பேரு. எந்த சுபக் எப்போ நடணும், எப்போ தரிசா விடணும்னு தண்ணீர்க் கோயில்கள்ல கூடி முடிவெடுப்பாங்க. 1970-கள்ல பசுமைப் புரட்சி வந்தப்போ, இதெல்லாம் சடங்கு, எல்லாரும் முடிஞ்ச அளவுக்கு நடுங்கன்னு சொன்னாங்க. நட்டாங்க. தண்ணியும் பத்தலை, பூச்சியும் பெருகிடுச்சு. ஸ்டீபன் லான்சிங்னு ஒரு மானுடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர்னு ஒரு சூழலியலாளர், ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு ஆறு, 172 சுபக்கை கம்ப்யூட்டர்ல கட்டினாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல நட்டா பூச்சி சாகும், ஏன்னா அறுவடைக்கு அப்புறம் அதுக்குத் தீனி இல்லை. ஆனா தண்ணி பத்தாது. ஆளுக்கொரு நேரத்துல நட்டா தண்ணி பத்தும், பூச்சி ஒரு வயல் விட்டு ஒரு வயல் தாவும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை பேர் சேர்ந்து நடணும்? அவங்க மாடல்ல ஒவ்வொரு சுபக்கும் பக்கத்து சுபக் விளைச்சலைப் பார்த்து, நல்லா இருந்தா அவங்க நாட்காட்டியை அடுத்த வருஷம் காப்பி அடிக்கும். அவ்வளவுதான் விதி. சில வருஷம் ஓடவிட்டா தண்ணீர்க் கோயில்கள் நிஜமாவே வெச்சிருக்கிற மாதிரியான குழுக்கள் தானா உருவாச்சு. 1993-ல கட்டுரை வந்தது. நம்ம ஏரிப் பாசனத்துல நீர்க்கட்டிக்காரர் வாய்க்கால் திருப்புற முறையை இப்படி யாராவது உட்கார்ந்து கட்டிப் பார்த்தா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

அதைப் படிச்சுட்டுத்தான் நானும் என் லேப்டாப்புல விளையாட்டா ஒரு கற்பனை ஊர் கட்டினேன். ஒரு ஆறு, நூறு கிணறு. எண் எதையும் சொல்லப் போறதில்லை, அது கற்பனை ஊர், அதோட எண்ணை வெச்சு யாரும் எங்கேயும் தடுப்பணை கட்டிடக் கூடாது. முதல்ல எல்லாரும் எப்பவும் ஒரே அளவு இறைக்கிற மாதிரி வெச்சு, ஆத்துல ஒரு தடுப்பணை போட்டேன். மட்டம் அழகா ஏறி நின்னுச்சு. படம் வரைஞ்சு காட்டினா யாரும் கைதட்டுவாங்க.

அப்புறம் ஒரே ஒரு விதி சேர்த்தேன். தை மாசம் கிணத்தை எட்டிப் பார்க்கணும். தண்ணி மேல இருந்தா நவரைக்கு நெல்லு, கீழே இருந்தா வேர்க்கடலை. நம்ம பக்கம் எல்லாரும் செய்யறதுதானே? ஓட்டினேன். தடுப்பணை வந்ததும் மட்டம் ஏறுது. ஏறினதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் நெல்லு வைக்கிறாங்க. சில வருஷத்துல மட்டம் பழைய இடத்துக்கே வந்துடுது. தடுப்பணை தோல்வியா? இல்லையே, நடுவுல அத்தனை பேர் நெல்லு அறுத்திருக்காங்க. ஏறின தண்ணியைத்தான் மூட்டையா கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஆனா மழை பொய்ச்ச வருஷம் வந்தப்போ நிலைமை தடுப்பணை இல்லாத ஊரைவிட மோசமாப் போச்சு. ஏன்னா எல்லாரும் நெல்லுக்குப் பழகிட்டாங்க. ஆத்துலேருந்து தள்ளி இருந்த கிணறுகள் முதல்ல வத்துச்சு, அவங்களுக்குத் தடுப்பணையால முன்னாடியும் பெருசா லாபம் இல்லை.

இதை சித்தப்பாகிட்ட காட்டினேன். திரையில புள்ளி புள்ளியா ஓடுது. "இதுல நான் எங்கம்மா?"ன்னார். ஏதோ ஒரு புள்ளியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஆளு தண்ணி இருந்தா இறைக்கிறான், இல்லைன்னா விடுறான். பேராசைக்காரன் மாதிரி இருக்கு."

"இல்ல சித்தப்பா, அப்படி ஒண்ணும் எழுதலை."

"எழுதலைன்னாலும் அப்படித்தான் தெரியுது. நான் நிறுத்தினா தண்ணி அப்படியே நிக்குமா? பக்கத்து மோட்டார் இழுத்துக்கும். அதை எங்க போட்டிருக்க?"

போடலை. மாடல்ல தண்ணி கட்டத்துக்குக் கட்டம் ஊறிப் போகுது. ஆனா தான் நிறுத்தினா பக்கத்துக்காரர் எடுத்துடுவார்ங்கிற நினைப்பு என் புள்ளிகளுக்குக் கிடையாது. மண்ணுக்குள்ள நடக்கிறதை எழுதியிருந்தேன். அது மனுஷனுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் நடந்துக்கிறார்ங்கிறதை எழுதலை. அதுக்கப்புறம் ரெண்டு மாத்தம் பண்ணினேன். முடிவை தினமும் எடுக்கிறதில்லை, ஆட்டோவுல விடுறதா வேண்டாமான்னு பருவத்துக்கு ஒருதடவைதான். ரெண்டாவது, பக்கத்துல எத்தனை மோட்டார் ஆட்டோவுல இருக்குன்னு பார்த்து முடிவெடுப்பாங்க.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். மனுஷங்களை மாடல்ல சேர்த்தா திருகுறதுக்குத் திருகாணி நிறைய கிடைச்சுடும். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் திருகினா வேணும்ங்கிற பதிலை வரவழைச்சுடலாம். விவசாயிதான் தண்ணியைக் காலி பண்றார்னு காட்டணும்னா காட்டலாம். ஆலைதான்னு காட்டணும்னாலும் காட்டலாம். மண்ணுக்கு டார்சி மாதிரி ஒரு கண்டிப்பான ஆள் இருக்கார், மனுஷனுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. யாராவது ஒரு மாடலைக் காட்டினா, இதுல இறைக்கிற கணக்கு எங்கேருந்து வந்தது, அந்த ஆட்கள்ல யார்கிட்டயாவது இதைக் காட்டினீங்களான்னு கேட்டுடுவேன்.

வெள்ளத்துக்கும் இது பொருந்தும், சுருக்கமாச் சொல்லிடுறேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைக்கு வெள்ள முன்னெச்சரிக்கை மாடல் ஒண்ணு செஞ்சாங்க, 2019-ல அறிமுகம் ஆச்சு. நல்ல முயற்சி. மழை, தரையோட மேடு பள்ளம், கடல் அலை எல்லாம் அதுல இருக்கு. ஆனா பூண்டி மதகை எப்போ, எவ்வளவு திறக்கணும்னு முடிவெடுக்கிறது மழை இல்லை, ஒரு ஆள். அணையில தண்ணியை வெச்சுக்கிட்டா கோடைக்கு ஆகும், விட்டா வெள்ளத்துக்குப் பாதுகாப்பு. ரெண்டு பயமும் அவருக்கு இருக்கும். 2021-ல மணலி புதுநகருக்குள்ள கொசஸ்தலைத் தண்ணி புகுந்ததை நீங்களும் பார்த்தீங்க. தரையும் அப்படியே நிக்கிறதில்லை. எண்ணூர்ல கழிமுகத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு மேடாகியிருக்கு, கரையில மண் கொட்டி ஏத்தியிருக்காங்க. பழைய வரைபடத்தை வெச்சு ஓட்டினா, மாடல்ல தண்ணி இப்போ இல்லாத பள்ளத்து வழியா நிம்மதியா கடலுக்குப் போயிடும்.

கடைசியா ஒரு விஷயம். சித்தப்பா கிணத்துல மாசத்துக்கு நாலு தடவை மட்டம் அளக்க ஆரம்பிச்சிருக்கேன். பெரிய கருவி எல்லாம் இல்லை, டேப்பு முனையில ஒரு கல்லு. நான் சென்னைக்குப் போயிட்டா அவரே அளந்து, காலண்டர்ல அந்தத் தேதிக்கட்டத்துலேயே எழுதி வெச்சுடுவார். ஆடியிலிருந்து எழுதியிருக்கோம். ஆவணி கடைசியில ஒரு இடத்துல மட்டம் நாலு அடி ஏறியிருக்கு. அந்தப் பத்து நாள்ல ஒரு தூத்தலைத் தவிர மழையே இல்லை. தப்பா அளந்துட்டாரோன்னு நினைச்சேன். கேட்டதுக்கு, "அப்போதானே டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு கிடந்தது? பத்து நாள் யார் மோட்டாரும் ஓடலை"ன்னார்.

எத்தனை காசு செலவழிச்சாலும் நூறு மோட்டாரை ஒரே நேரத்துல நிறுத்தச் சொல்லி யாராலயும் சோதனை பண்ண முடியாது. அது தானா நடந்திருக்கு, காலண்டர்ல எண்ணும் இருக்கு. மாடல்ல அந்தப் பத்து நாளைக்கு எல்லா மோட்டாரையும் பூஜ்யம்னு போட்டு ஓட்டிப் பார்த்தேன். ரெண்டரை அடிதான் ஏறுது. மீதி ஒன்றரை அடி எங்கேருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டு இருக்கேன். கண்டுபிடிச்சா அடுத்த எபிசோட்ல சொல்றேன்.